'டிலே' என்றால் தாமதமா, கெடுவா? பிரெஞ்சு இடமாற்றச் சலுகைகள் ஆங்கிலத்துக்கு வரும்போது பறிபோகும் பணம்!

பிரான்ஸில் ஒரு நிறுவனம் தன் ஊழியரை லியோனிலிருந்து பாரிஸுக்கு மாற்றுகிறது. அல்லது சென்னைக் கிளையில் இருப்பவரை துலூஸுக்கு அழைக்கிறது. சம்பளப் பேச்சு முடிந்த கையோடு ஹெச்.ஆரிடமிருந்து ஒரு பி.டி.எஃப் வரும். சாமான் ஏற்றும் லாரிக்கு யார் பணம் கட்டுவது, வீடு கிடைக்கும்வரை எங்கே தங்குவது, வீட்டு அட்வான்ஸ் யார் பொறுப்பு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மூலம் பிரெஞ்சு. பிரெஞ்சு தெரியாத ஊழியர் கைக்கு வருவது அதன் ஆங்கில வடிவம்.

அந்த ஆங்கிலத்தில், 'ரசீதுகளை இரண்டு மாத டிலேயில் சமர்ப்பிக்க வேண்டும்' என்பதுபோல ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படிப்பவர் என்ன நினைப்பார்? இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தால் போதும் என்றுதானே! பிரெஞ்சில் 'தெலே' என்பது தாமதம் இல்லை, கெடு. இரண்டு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் மூலத்தின் பொருள். ஆங்கிலத்தை நம்பி மூன்றாவது மாதம் பில்களை அடுக்கி எடுத்துப் போகிறவருக்குப் பணம் கிடைக்காது.

பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்து, பொருளில் ஆளை ஏமாற்றும் இப்படிப்பட்ட சொற்களைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஃபோஸ் அமி', அதாவது 'பொய் நண்பர்கள்' என்பார்கள். இலக்கியத்தில் இவை வந்தால் ஒரு வரி கெடும். இடமாற்றச் சலுகைப் பட்டியலில் வந்தால் ஒரு குடும்பத்தின் பட்ஜெட் கெடும்.

இன்னொரு பொய் நண்பர், 'எவான்துவெல்'. எழுத்தில் ஆங்கில 'ஈவென்சுவல்' போலவே இருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு, 'கொஞ்சம் நாளாகலாம், ஆனால் கடைசியில் நடந்துவிடும்' என்று பொருள். பிரெஞ்சில் 'நடக்கலாம், நடக்காமலும் போகலாம்'. பள்ளிக் கட்டணத்தை நிறுவனம் ஏற்பது 'எவான்துவெல்' என்று மூலத்தில் இருந்தால், அது வாக்குறுதியே கிடையாது. நிறுவனம் விரும்பினால் ஏற்கும், அவ்வளவுதான். இதை 'ஈவென்சுவலி' என்று ஆங்கிலத்தில் படித்துவிட்டு, இரண்டு பிள்ளைகளை சர்வதேசப் பள்ளியில் சேர்த்த பெற்றோரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ரசீது வேண்டுமா, வேண்டாமா?

'ஃபோர்ஃபே' என்ற சொல் சலுகைப் பட்டியல்களில் அடிக்கடி வரும். அதன் இன்னொரு வடிவம் 'ஃபோர்ஃபேத்தேர்'. எழுத்தைப் பார்த்து ஆங்கில 'ஃபார்ஃபிட்' என்று நினைத்தால், பணம் பறிமுதல் என்று தோன்றும். உண்மை நேர் எதிர். இது மொத்தமாகக் கொடுத்துவிடும் நிலையான தொகை. பொதுவாக இதற்கு ஒவ்வொரு செலவுக்கும் ரசீது காட்ட வேண்டியதில்லை. குறைவாகச் செலவானால் மிச்சம் ஊழியருக்கு, கூடினால் கையிலிருந்து போடுவதும் ஊழியரே.

இதற்கு எதிர்ப்பக்கம் 'ஃப்ரே ரெயெல்'. ஆன செலவு எவ்வளவோ அவ்வளவு. அதற்கு 'ஜுஸ்திஃபிகாத்திஃப்' வேண்டும். 'ஜஸ்டிஃபிகேஷன்' என்று ஆங்கிலத்தில் போட்டால், ஏன் செலவு செய்தேன் என்று விளக்கக் கடிதம் எழுத வேண்டும்போலத் தோன்றும். தேவை விளக்கம் இல்லை. பில், ரசீது, ஒப்பந்த நகல் போன்ற ஆதாரக் காகிதங்கள்தான்.

பட்டியலை எழுதியவருக்கு இந்த இரண்டின் வித்தியாசம் வெளிச்சம். மொழிபெயர்ப்பவர் இரண்டையும் 'அலவன்ஸ்' என்ற ஒரே சொல்லில் போட்டுவிட்டால், படிப்பவருக்கு இருட்டு. எந்தச் சலுகைக்கு ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதே தெரியாமல் போகும்.

'ப்ரீம்' வேறு, 'ஆன்தெம்னிதே' வேறு

பிரெஞ்சு சம்பளச் சீட்டில் கூடுதல் பணத்துக்கு இரண்டு முக்கியப் பெயர்கள். ஒன்று 'ப்ரீம்'. மற்றொன்று 'ஆன்தெம்னிதே'. பேச்சுவழக்கில் பிரெஞ்சுக்காரர்களே இரண்டையும் கலந்துகட்டிப் பேசுவார்கள். ஆனால் கணக்கு என்று வந்தால் வித்தியாசம் கையில் தெரியும். ப்ரீம் என்பது போனஸ் போல. சம்பளத்தின் பகுதியாகக் கருதப்பட்டு, சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் வரியும் போகும். வேலைக்காக ஊழியர் செய்த செலவை ஈடுகட்டும் ஆன்தெம்னிதே, விதிகளின் வரம்புக்குள் இருந்தால் அந்தப் பிடித்தங்களிலிருந்து தப்பிக்கும்.

வரம்பை யார் பார்ப்பது? 'உர்சாஃப்' என்ற பிடித்த வசூல் அமைப்பு. பழைய வீட்டுக்கும் புதிய வேலையிடத்துக்கும் இடையே குறைந்தது 50 கிலோமீட்டர் இருந்து, ஒருவழிப் பயணத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஆனால், அந்த ஊழியர் வேலைக்காகவே வீடு மாறினார் என்று அது எடுத்துக்கொள்ளும். புது வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாகத் தங்கும் செலவுக்கான தினப்படிக்கு 9 மாதம் வரை இடம் உண்டு. ஆக, ஒரே தொகையைச் சம்பளச் சீட்டில் எந்தத் தலைப்பில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து, கையில் வருவது கூடும், குறையும். ஆங்கிலத்தில் இரண்டுமே 'போனஸ்' ஆகிவிட்டால், வரப்போவது பிடித்தத்துக்கு முந்தைய தொகையா, பிந்தையதா என்று ஊழியருக்கு எப்படித் தெரியும்?

இதே பெயர்க் குழப்பத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'ப்ரீம் த தெமெனாஜ்மான்' என்பதை நேராகப் பெயர்த்தால் 'வீடு மாறும் போனஸ்'. இது நிறுவனம் தருவது என்று நினைக்கத் தோன்றும். ஆனால், இந்தப் பெயரில் பிரபலமான உதவியைத் தருவது 'காஃப்' எனப்படும் அரசுக் குடும்ப நல நிதி. அதுவும் மூன்று குழந்தைகளாவது இருக்கும், அல்லது மூன்றாவது குழந்தையை எதிர்பார்க்கும் குடும்பத்துக்கு மட்டும். வீட்டு வாடகை உதவி பெறும் தகுதியும் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இதை உறுதிசெய்யாமல் எழுதினால், ஊழியர் ஹெச்.ஆர் கதவைத் தட்டுவார்; ஹெச்.ஆர் கையை விரிக்கும்.

நான்கு மடங்கு வித்தியாசம்

பெயரைப் பார்த்து மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றிய அலுவலகங்களின் பணி விதிகளைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். பிரஸ்ஸல்ஸிலும் லக்ஸம்பர்க்கிலும் இருக்கும் அந்த அலுவலகங்களுக்குப் பல நாட்டவரும் குடும்பத்தோடு வேலைக்கு வருகிறார்கள். விதிகள் ஒன்றியத்தின் எல்லா அதிகாரப்பூர்வ மொழிகளிலும் உண்டு. பிரெஞ்சு வடிவத்தையும் ஆங்கில வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் படிக்கலாம்.

பிரெஞ்சு வடிவத்தில் 'ஆன்தெம்னிதே த தெபெயிஸ்மான்' என்று ஒரு படி. 'பெயி' என்றால் நாடு, ஊர். ஊரை விட்டுப் பிரிந்து, பழக்கமில்லாத இடத்தில் நிற்கும்போது மனசுக்குள் ஏற்படும் அந்த உணர்வுதான் 'தெபெயிஸ்மான்'. புது ஊருக்கு மாற்றலாகிப் போன முதல் வாரம், எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் தெருவில் நின்றிருக்கிறீர்களா? அதுதான். ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது. அந்த உணர்வுக்கு ஒரு படி ஒதுக்கி, பெயரும் வைத்த பிரெஞ்சுக்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆங்கில வடிவத்தில் இதன் பெயர் 'எக்ஸ்பேட்ரியேஷன் அலவன்ஸ்'. அடிப்படைச் சம்பளமும் குடும்பப் படிகளும் சேர்ந்த தொகையில் 16 சதவிகிதம்.

இனிதான் பொறி. அதே பிரெஞ்சு விதியில், அடுத்த பத்தியில், 'ஆன்தெம்னிதே தெக்ஸ்பத்ரியாசியோன்' என்று இன்னொரு படி இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால், ஆங்கில 'எக்ஸ்பேட்ரியேஷன் அலவன்ஸ்' இதுதான் என்று சத்தியம் செய்யத் தோன்றும். இல்லை! இதன் ஆங்கிலப் பெயர் 'ஃபாரின் ரெசிடென்ஸ் அலவன்ஸ்'. வேலை பார்க்கும் நாட்டின் குடியுரிமை இல்லாமல், ஆனால் ஏற்கெனவே அங்கே வசித்துவந்தது போன்ற காரணங்களால் முதல் படிக்குத் தகுதி பெறாதவர்களுக்கு உரியது. தொகை, முதல் படியில் நான்கில் ஒரு பங்கு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவரின் சம்பளமும் குடும்பப் படிகளும் சேர்ந்து 5,000 யூரோ என்றால், முதல் படி மாதம் 800 யூரோ. இரண்டாவது 200 யூரோ. பிரெஞ்சில் 'எக்ஸ்பத்ரியாசியோன்' என்றிருப்பதை ஆங்கிலத்தில் 'எக்ஸ்பேட்ரியேஷன்' என்று எழுதிய ஒரே காரணத்துக்காக, 200 கிடைக்க வேண்டியவர் 800 வரும் என்று வீடு பார்த்திருப்பார். அகராதியில் இந்தத் தவறுக்கு மருந்து கிடையாது. விதியைத் திறந்து, யாருக்கு, எவ்வளவு, எதற்காக என்று பார்த்தால்தான் எந்தப் பெயர் எதற்கு என்று தெரியும்.

காலி செய்வது ஒன்று, குடிபோவது ஒன்று

தமிழில் வீட்டைக் 'காலி பண்ணுவது' ஒரு வேலை, புது வீட்டுக்குக் 'குடிபோவது' இன்னொரு வேலை. முதலாவதில் மூட்டை கட்டுவோம், இரண்டாவதில் பால் காய்ச்சுவோம். பிரெஞ்சிலும் அப்படியே: 'தெமெனாஜே' என்றால் கிளம்புவது, 'ஆமெனாஜே' என்றால் போய்ச் சேர்ந்து குடியேறுவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பொதுவாக 'மூவ்' போதும். இங்கேயும் பணம் இருக்கிறது. சாமான் ஏற்றி இறக்கும் செலவு ஒரு தலைப்பில் வரும். மின்சார, கேஸ் இணைப்பு, சுத்தம் செய்வது, சின்னச் சின்ன ரிப்பேர் போன்றவை 'ஆன்ஸ்தலாசியோன்' என்ற தனித் தலைப்பில் வரும்.

அதை 'இன்ஸ்டலேஷன் சார்ஜஸ்' என்று பெயர்த்தால், ஏ.சி மாட்ட வந்தவர் கேட்கும் கூலி மாதிரி இருக்காதா? 'செட்டிலிங்-இன் அலவன்ஸ்' என்பதுதான் ஆங்கில நிறுவனங்களில் புழங்கும் பெயர். ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் மட்டும் 'இன்ஸ்டலேஷன் அலவன்ஸ்' என்பதே அதிகாரப்பூர்வப் பெயர். அங்கே அதை மாற்றக் கூடாது. யாருக்கான ஆவணம் என்று தெரியாமல் சரியான சொல் என்று ஒன்று கிடையாது.

ஆங்கிலம் என்பதும் ஒரே ஆங்கிலம் இல்லை. பிரிட்டனில் 'ரிமூவல்ஸ்' என்பதை அமெரிக்காவில் 'மூவிங்' என்பார்கள். பிரிட்டனில் தகுதியுள்ள இடமாற்றச் செலவில் 8,000 பவுண்டு வரை வரியில்லை. அமெரிக்காவிலோ 2018 முதல், சாதாரண ஊழியருக்கு நிறுவனம் தரும் வீடு மாறும் செலவுக்கும் மத்திய அரசு வரி உண்டு. பிரெஞ்சு மூலத்தில் வரியைப் பற்றி ஒரு வார்த்தை இருந்தால், அது பிரெஞ்சு வரி. வாசிப்பவரின் நாட்டு வரி இல்லை என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பு போடுவது நல்லது.

வீடு பார்க்கும்போது

'டி3 வரையிலான வீட்டு வாடகையை நிறுவனம் ஏற்கும்' என்று பட்டியலில் இருந்தால், மூன்று படுக்கையறை என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். பிரெஞ்சுக் கணக்கில் ஹாலும் ஓர் அறை. சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. ஆக டி3 என்பது ஒரு ஹால், இரண்டு படுக்கையறை. நம்ம ஊர் 2 பி.ஹெச்.கே.

'கோசியோன்' என்ற சொல்லில் இன்னும் சிக்கல். ஆங்கில 'காஷன்' போல இருந்தாலும் எச்சரிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மக்கள் பேச்சில் இது வீட்டு அட்வான்ஸ். சட்டத்தின் கண்ணில் இது ஜாமீன். வாடகை கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போடுபவர். அட்வான்ஸுக்குச் சட்டப் பெயர் 'தெப்போ த கராந்தி'. சாமான் இல்லாத வீட்டுக்கு அது ஒரு மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஃபர்னிஷ்டு வீட்டுக்கு இரண்டு மாதம் வரை. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய சென்னைக்காரர்களுக்கு இது சொர்க்கமாகத் தெரியும். ஆனால் ஜாமீன்தாரர் இல்லாமல் வெளிநாட்டவருக்கு வீடு கிடைப்பதுதான் அங்கே திண்டாட்டம். 'கோசியோனை நிறுவனம் ஏற்கும்' என்றால் பணம் தரப்போகிறதா, ஜாமீன் நிற்கப்போகிறதா? மூலமே இரண்டுக்கும் இடம் கொடுக்கும்போது, நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒன்றை ஊகித்து எழுத மாட்டார். எழுதியவரையே கேட்பார்.

வீட்டைக் காலி செய்வதில் 'ம்யூத்தாசியோன்' கைகொடுக்கும். உயிரியல் பாடத்தில் வரும் மரபணு மாற்றம் இல்லை, வேலையில் டிரான்ஸ்ஃபர். 1989-ம் ஆண்டு பிரெஞ்சு வாடகைச் சட்டப்படி, சாமான் இல்லாத வீட்டைக் காலி செய்ய வாடகைதாரர் பொதுவாக 3 மாத நோட்டீஸ் தர வேண்டும். டிரான்ஸ்ஃபர் என்றால் 1 மாதம் போதும். ஆனால் காரணத்தை நோட்டீஸிலேயே சொல்லி, ஆதாரமும் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் 3 மாதம்தான். ஆங்கிலத்தில் வெறுமனே 'ரீலொகேஷன்' என்று படித்த ஊழியருக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது. இரண்டு மாத வாடகை வீண்!

ஒரு சதவிகிதம் என்ற பெயரில் 0.45 சதவிகிதம்

பிரெஞ்சு ஹெச்.ஆர் ஆட்கள் இன்றும் 'ஆன் பூர் சான் லோஜ்மான்' என்று சொல்வதுண்டு. சொல்லுக்குச் சொல், 'ஒரு சதவிகித வீடு'. ஆங்கிலத்தில் படிப்பவர், சம்பளத்தில் ஒரு சதவிகிதம் வீட்டுக்குத் தருகிறார்கள் என்றோ, ஒரு சதவிகித வட்டிக்குக் கடன் என்றோ நினைப்பார். 1953-ல் தனியார் நிறுவனங்கள் தங்கள் சம்பளச் செலவில் 1 சதவிகிதத்தை ஊழியர் வீட்டு வசதிக்காகக் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. அதன் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 1992-லிருந்து விகிதம் 0.45 சதவிகிதம், இப்போது குறைந்தது 50 ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் கட்டுகின்றன. நிர்வகிக்கும் அமைப்பின் பெயர் 'ஆக்சியோன் லோஜ்மான்'. இடம் மாறுபவருக்கு வீடு தேட உதவும் 'மொபிலி பாஸ்' திட்டமும் அதனுடையதே. பழைய, புதிய வீடுகளுக்கு இடையே 70 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. இந்தச் சொல்லைப் பெயர்க்கவே கூடாது. பெயரை அப்படியே வைத்து, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதுவதுதான் சரி.

பி.எஃப் யாரிடம்?

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ போகிறவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய ஜோடி ஒன்று உண்டு: 'தெத்தாஷே', 'எக்ஸ்பத்ரியே'. ஆங்கிலத்தில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் யாரையும் 'எக்ஸ்பாட்' என்று சொல்லிவிடலாம். பிரெஞ்சுச் சமூகப் பாதுகாப்பு விதிகளில் முடியாது. 'தெத்தாஷே' என்றால் தற்காலிகமாக அனுப்பப்பட்டவர். சொந்த நாட்டின் பாதுகாப்புத் திட்டத்திலேயே தொடர்வார். 'எக்ஸ்பத்ரியே' என்றால் அந்தத் திட்டத்திலிருந்து வெளியேறி, போன நாட்டின் திட்டத்துக்குள் வருபவர்.

இந்தியாவுக்கும் பிரான்ஸுக்கும் இடையே 2008-ல் கையெழுத்தாகி, 2011 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஒப்பந்தம் இருக்கிறது. இந்திய நிறுவனம் தன் ஊழியரைத் தற்காலிகமாக அனுப்பினால், பி.எஃப் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கி, 60 மாதம் வரை இந்தியாவிலேயே பி.எஃப் கட்டலாம். இரண்டு நாட்டிலும் கட்ட வேண்டியதில்லை. பட்டியலின் ஆங்கில வடிவம் இரண்டு வகையினரையும் 'எக்ஸ்பாட்' என்று ஒரே கூடையில் போட்டால், சான்றிதழ் வாங்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றாது.

தப்பு நடந்தால் யார் பொறுப்பு?

ஆப்பில் போட்டால் இரண்டு நொடியில் ஆங்கிலம் வந்துவிடுகிறதே, ஆள் எதற்கு என்று கேட்கலாம். ஆப்களின் வாக்கியங்கள் இப்போது வழுக்கிக்கொண்டு போகும் அளவுக்குச் சரளம். பிரச்னையே அந்தச் சரளம்தான். தடுக்கும் வாக்கியம் என்றால் படிப்பவர் நின்று யோசிப்பார். வழுக்கும் வாக்கியத்தில் தப்பு இருந்தால் யாரும் நிற்பதில்லை.

பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டம் இந்த விஷயத்தில் கறார். வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால் பிரெஞ்சில் இருக்க வேண்டும். ஊழியர் வெளிநாட்டவராக இருந்து, கேட்டால், அவருடைய மொழியில் மொழிபெயர்ப்பு தர வேண்டும். நீதிமன்றத்தில் இரண்டு வடிவங்களுக்கும் சம மதிப்பு. இரண்டும் முரண்பட்டால், ஊழியரின் மொழியில் இருப்பதை மட்டுமே அவருக்கு எதிராகக் காட்ட முடியும். அதாவது 'கெடு' என்பதை 'தாமதம்' என்று ஒப்பந்தத்தில் தவறாகப் பெயர்த்தால், கெடு முடிந்துவிட்டது என்று நிறுவனம் ஊழியரை மடக்குவது கடினம். இது ஒப்பந்தத்துக்கான விதி, ஹெச்.ஆர் தனியாக அனுப்பும் சலுகைக் கையேட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று இருந்துவிடக் கூடாது. அதனால், முக்கியமான சலுகைகளை ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதச் சொல்லிக் கேட்பது புத்திசாலித்தனம்.

எதிர்த்திசையிலும் சட்டம் பாய்ந்திருக்கிறது. ஆங்கில ஆவணங்களைப் பிரெஞ்சில் தராததற்காக ஜி.இ. மெடிக்கல் சிஸ்டம்ஸின் பிரெஞ்சுப் பிரிவு 5,80,000 யூரோ கட்ட வேண்டும் என்று 2006 மார்ச்சில் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டத்தில் இருப்பது 'ஊழியரின் மொழி' என்றுதான். 'ஆங்கிலம்' என்று இல்லை. தாய்மொழி தமிழ் என்றால் தமிழில் கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. புதுச்சேரியில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'ஆன்தெம்னிதே'வுக்குச் சொல் தேடி அலையும் வேலையும் இல்லை. பயணப்படி, அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி என்று நம்ம ஊர் அரசு ஊழியர்கள் எத்தனையோ காலமாகச் சொல்லிவரும் 'படி' தயாராக இருக்கிறது. 'ப்ரீம்' என்பதற்கு 'ஊக்கத்தொகை'. இரண்டையும் படித்த ஊழியர், எதற்கு ரசீது வைக்க வேண்டும் என்று ஹெச்.ஆரிடம் கேட்டு, இரண்டு தனித்தனி ஃபைல் போட்டுக்கொள்ளலாம்.